பட்டு நிஜமா கடைசி

நாற்பத்திரண்டு பேரும் பச்சையாக இருந்தார்கள். அப்படித்தான் தலைமை ஆசிரியை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து, சுருட்டிய படத்தைப் பிரித்து மேசை மேல் விரித்தார். அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைக்கும் கையில் கிடைத்ததை எடுத்து வைத்தார்: கத்தரிக்கோல், ஒட்டுநாடா, தன் கைப்பை, கடைக்காரரின் கண்ணாடிக் கூடு.

"பாருங்க சார். எங்க பள்ளிக்கூடத்துல நாப்பத்திரண்டு பேர் வேலை பாக்கறோம். நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே நாள்ல காமாலை வந்த மாதிரி இருக்கு. காமாலைகூட மஞ்சளாத்தான் இருக்கும். இது ஒரு வாரம் தண்ணில ஊறினவங்க மாதிரி பச்சையா இருக்கு."

கலர்க்காரர் குனிந்து பார்த்தார். அந்தத் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். முதன்முதலில் அங்கே வண்ணப்படம் கழுவிக் கொடுத்த கடை அவருடையது. அப்போது ஒட்டிக்கொண்ட பெயர், வாசல் பலகை மூன்று முறை மாறியும் உதிரவில்லை. நான்கு வரிசையாக நின்றும் உட்கார்ந்தும் இருந்த ஆசிரியர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். நேற்று எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

"ம், ஆமா," என்றார்.

"என்ன ஆமா? பாத்துட்டுத்தானே கொடுத்தீங்க?"

"மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு டீச்சர். வேற அடிச்சுத் தர்றேன்."

"வெள்ளிக்கிழமை காலைல எனக்கு வழியனுப்பு விழா. நான் போனப்புறம் பள்ளிக்கூட வராந்தாவுல இருக்கப்போறது இந்தப் படம் ஒண்ணுதான். அதுலயும் பச்சையா நிக்கணும்னு எனக்கு ஆசையில்ல. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அந்த மூலை மட்டும் சட்டென்று சுருண்டுகொண்டது.

கலர்க்காரருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை, நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் அறுபது வருடமாக ஒளித்துத்தான் வைத்திருந்தார். நமக்குச் சிவப்பாக இருப்பதும் பச்சையாக இருப்பதும் அவருக்குக் காய்ந்த மண்ணைப் போல ஒரே நிறம். வண்டி ஓட்ட உரிமம் வாங்கப் போனபோது புள்ளிகளுக்கு நடுவே எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவர் வயிற்று வலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். அன்றையிலிருந்து அவருக்கு வண்டி என்றால் பயம் என்று தெருவே நம்பிக்கொண்டிருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் பரவாயில்லை என்று அவரும் விட்டுவிட்டார்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிறகு வண்ணம் வந்தது, கிட்டத்தட்ட அதே நேரத்தில் மனைவியும் வந்தாள். கல்யாணமான மூன்றாவது மாதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஈரம் காயாத படத்தை அவர் தூக்கிப் பிடித்தால், கடையை ஒட்டிய அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "சரி" என்பாள், இல்லாவிட்டால் "இல்ல" என்பாள். அவ்வளவுதான். எது கூட, எது குறைச்சல் என்று விளக்க மாட்டாள். வழுக்கைத் தலையர் வீட்டில் சீப்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்களே, அந்த மாதிரி அந்த வீட்டில் நிறங்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் இவர்தான் கம்பீரமாக "இதை எடுங்க" என்று கை காட்டினார். அப்பாவுக்கு எவ்வளவு நல்ல ரசனை என்று மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேசைக்குக் கீழே மனைவி காலை மிதித்தது அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் மனைவி போய்விட்டாள். எல்லோரும் துக்கம் கேட்டுவிட்டுப் போன மறுவாரம் அவர் கடையைத் திறந்தார். எப்படி நடத்தினார் என்றால், அவள் விட்டுப்போன ப்ரொஃபைலை வைத்து நடத்தினார்.

ப்ரொஃபைல் என்பது பெரிய விஷயமில்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஃபைல். இந்த மெஷினில், இந்த மையை ஊற்றி, இந்தத் தாளில் அடித்தால் எந்த நிறம் எவ்வளவு விலகும், அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அது அச்சு மெஷினுக்குச் சொல்லும். தாள் கம்பெனிக்காரன் தன் பங்குக்கு ஒன்று இலவசமாகத் தருவான். ஆனால் அவன் சொன்ன மையை ஊற்றினால்தான் அது வேலை செய்யும். இவர்கள் ஊற்றியது பாட்டிலில் வரும் வேறு மை. அதனால் மனைவி, தொள்ளாயிரத்துச் சொச்சம் கட்டம் போட்ட ஒரு தாளை அடித்து, இரவல் வாங்கின அளவுக் கருவியால் கட்டம் கட்டமாக அளந்து, கருவிக்கும் பிடிபடாததைத் தன் கண்ணால் திருத்தி, ஒன்றரை மாதம் மல்லுக்கட்டிச் சொந்தமாக ஒன்று செய்தாள். படத்தில் முகத்தின் மேல் சுட்டியை வைத்தால் மூன்று எண் வரும். சிவப்புக்கான எண் பெரியதாகவும், பச்சைக்கானது நடுத்தரமாகவும், நீலத்துக்கானது சிறியதாகவும் இருந்தால் அது ஆரோக்கியமான மனித முகம். கலர்க்காரர் எண்ணைப் பார்த்துத் திருத்துவார், ப்ரொஃபைல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் ஒரு புகார் வந்ததில்லை. கண்ணை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போயிட்டா என்று சில சமயம் நினைத்துக்கொள்வார்.

போன வாரம் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. பழுது பார்ப்பவர் வந்து புதியதை வைத்து, பழையதில் இருந்ததையெல்லாம் மாற்றிப் போட்டு, "ஒரு தூசுகூட விடல சார், எல்லாம் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். படங்கள் இருந்தன. படம் திருத்தும் மென்பொருளும் இருந்தது. ஆனால் ஸ்க்ரீனில் அச்சடிக்கும் பகுதியைத் திறந்தால், மனைவி சேமித்து வைத்திருந்த அந்த ஒற்றைப் பொத்தானைக் காணோம். எந்த ப்ரொஃபைல் வேண்டும் என்று ஒரு நீளப் பட்டியல் வந்து நின்றது. அதில் அவருடையது இல்லை. சரி, மெஷினுக்குத் தெரியாததா என்று முதலில் இருந்ததை வைத்து அடித்தார். அதுதான் நாற்பத்திரண்டு பேர் பச்சையான கதை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. கலர்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

ஃபைல்கள் இருந்தன. பழைய படங்களுக்குக் கீழே, மனைவி பெயரில் இருந்த ஒரு பெட்டிக்குள் நான்கும் பத்திரமாக இருந்தன. 'பட்டு புதுசு', 'பட்டு புதுசு ரெண்டு', 'பட்டு கடைசி', 'பட்டு நிஜமா கடைசி.' பட்டு என்பது அவர்கள் அந்தத் தாளுக்கு வைத்த பெயர், தொட்டால் அப்படி இருக்கும். நிஜமா கடைசி என்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் 'இதுதான் கடைசி' என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! சிரித்து முடித்ததும் பக்கத்தில் சிரிக்க ஆளில்லை என்பது உறைத்தது. ஸ்க்ரீனை ஒரு துணியால் துடைத்தார்.

ஃபைல் இருக்கிறது, பட்டியலில் காணோம். இணையத்தில் தேடினார். உலகம் முழுக்க இதே நோயாக இருந்தது. எங்கெங்கோ இருந்த மனிதர்கள், மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டு, என் ப்ரொஃபைலைக் காணவில்லை, யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் கேள்விக்குக் கீழே ஆறு வருடமாகப் பதிலே இல்லை. நாலு பேர் வந்து 'எனக்கும்தான்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மனிதர் இப்போது என்ன செய்கிறாரோ என்று கலர்க்காரர் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்.

பதில் இருந்த இடங்களில் சொன்னதையெல்லாம் செய்தார். ஃபைலைச் சரியான கோப்புறையில் போடு என்றார்கள், போட்டார். வலது பொத்தானை அழுத்தி நிறுவு என்றார்கள், நிறுவினார். மென்பொருளை மூடித் திற என்றார்கள். அதையும் செய்து, கம்ப்யூட்டரையே அணைத்து, போனால் போகிறது என்று சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி மாட்டினார். படம் அச்சகத்துக்கான நான்கு வண்ண முறையில் இருந்தால் இந்த வகை ப்ரொஃபைல் கண்ணில் படாது என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தார், மூன்று வண்ண முறையில் ஒழுங்காகத்தான் இருந்தது. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் விரல் வைத்துப் படித்தார். பட்டு என்ற சொல்லே அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை அப்படியே போனது. மத்தியானம் சாப்பிட மறந்துபோனது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. ஞாபகப்படுத்த யாரும் இல்லையென்றால் பசியும் கொஞ்சம் அசட்டையாகத்தான் வரும்.

இவ்வளவு பதறுவானேன், ஒரு படம்தானே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாவது முறையும் பச்சையாகப் போனால் தலைமை ஆசிரியை வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. ஒரு தெருவுக்கே செய்தி போய்ச் சேரும். அதன் பிறகு யார் வருவார்கள்? அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை, மகள் பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் உள்ளே வருவதற்கு உலகத்தில் இருந்த ஒரே காரணம் இந்த வேலை. அதுவும் போனால் நாள் முழுக்க அவரிடம் பேச அச்சு மெஷின் மட்டும்தான் மிச்சம்.

புதன்கிழமை காலை மகளை வீடியோவில் கூப்பிட்டார். அவள் தூரத்து நாட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை மேய்க்கிற வேலையில் இருந்தாள். அவள் ஊரில் அப்போது சாப்பாட்டு இடைவேளை. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் இவர் ஸ்க்ரீனைத் தன் ஸ்க்ரீனில் திறந்தாள்.

"என்னப்பா, உங்க கம்ப்யூட்டர்ல சுட்டியைக் காணோம்?"

"நீ புடிச்சிருக்கியோன்னு நான் கையை எடுத்துட்டேன்."

"சரி, நானே பாக்கறேன்." சுட்டி தானாக ஓடியது. மகளே அறைக்குள் நடமாடுகிற மாதிரி இருந்ததால், அது போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போனது. "அப்பா, இந்த 'சார்ட் 918'னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"அது மெஷினோடது ஏதோ."

"மெஷினோடது இல்லப்பா. அம்மாவோடது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அவள் விளக்கினாள். "ஃபைலுக்கு வெளிய ஒரு பேர், உள்ள ஒரு பேர். வீட்டு வாசல்ல எந்தப் பலகையை மாட்டினாலும் உள்ள இருக்கறவங்க பேர் மாறாதில்ல, அந்த மாதிரி. நாம வெளிய என்ன பேர் வச்சாலும் இந்தப் பட்டியல் உள்பேரைத்தான் காட்டும். அம்மா முதல்ல செஞ்சப்ப உள்ள 'சார்ட் 918'னு விழுந்திருக்கு. அப்புறம் அதையே திருத்தித் திருத்தி வெளிப்பேரை மட்டும் மாத்தியிருக்காங்க."

சார்ட் 918. அவள் எழுதின ஏதாவது ஒரு வார்த்தை அங்கே இருக்கும் என்று தன்னையறியாமல் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது, கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"அப்ப அதை வச்சு அடிச்சா சரியாயிடும்," என்றார்.

"அங்கதான் சிக்கல். நாலு ஃபைலுக்கும் உள்பேர் ஒண்ணு. அதனால பட்டியல்ல ஒண்ணைத்தான் காட்டுது. இப்பக் காட்டறது நாலுல எதுன்னு அதுக்கே தெரியாது. நீங்க இத்தனை நாளா எதை வச்சு அடிச்சீங்க?"

"அம்மா ஒரு பொத்தான் வச்சிருந்தா. அதை அழுத்துவேன்."

"அது எந்த ஃபைலை எடுத்துதுன்னு தெரியாதா? தேதி பாக்கலாம்னா, மாத்திப் போட்டதுல நாலுக்கும் போன சனிக்கிழமை தேதி விழுந்திருக்கு."

"நிஜமா கடைசின்னு ஒண்ணு இருக்கே. அதுதானே கடைசி?"

"அம்மா விஷயத்துல அதை நம்ப முடியுமாப்பா? கடைசியாப் பண்ணிப் பாத்துட்டு, வேணாம், முன்னது மேல்னு திரும்பியிருந்தாலும் திரும்பியிருப்பாங்க." மகள் சிரித்தாள். "எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? மூணை வெளிய எடுத்து வச்சுட்டு ஒண்ணொண்ணா அடிச்சுப் பாருங்க. பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணுக்கே தெரிஞ்சுடும். உங்களுக்கா தெரியாது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மகள் கடிகாரத்தைப் பார்ப்பதையும் அவர் பார்த்தார்.

"ஆமா, தெரிஞ்சுடும்," என்றார்.

"மீட்டிங் இருக்குப்பா. வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

சுட்டி நின்ற இடத்திலேயே நின்றது. தொட்டு அசைத்தார், அது மறுபடி அவருடைய சுட்டியாகியிருந்தது.

நான்கையும் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் மற்ற மூன்றை வெளியே எடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, தாளை ஊட்டி, மெஷின் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு வரிவரியாகத் துப்புவதை நின்று பார்த்து, ஃபைல் வரிசைப்படியே பின்பக்கம் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார். காய்ந்ததும் ஜன்னலோரம் நீளமேசையில் வரிசையாகப் போட்டார்.

நான்கும் ஒன்றுதான். ஒரே பிரசவத்தில் நாலு பிள்ளை பெற்ற தாயால்கூட வித்தியாசம் சொல்ல முடியாத அளவுக்கு ஒன்று. தள்ளி நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். வெயில் விழுகிற இடத்துக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். நான்காவதில் வலது ஓரத்து ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது, இரண்டாவதை எடுத்தால் அதிலும் அவர் அப்படியே இருந்தார். தாளைக் கேமராவில் எடுத்து எண்களைப் பார்த்தார். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும் என்று அவருக்கே தெரியும், மற்றவர்களுக்கு அவரே சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் பார்த்தார்.

இரண்டு வருடமாகக் கண் இருக்கிறது என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ப்ரொஃபைல் கிடைத்துவிட்டது. கிடைத்து என்ன? "சரி" என்று சொல்ல ஆள் வேண்டும். நாலு தாளைத் தூக்கிப் பிடித்து இதில் எது என்று கேட்க, அந்தக் கட்டடத்தில், அந்தத் தெருவில், முப்பத்தைந்து வருடம் கடை வைத்திருந்த ஊரில், ஒரு ஆள் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அழுதுவிட்டு மூக்கைத் துடைக்கையில், மை துடைக்கிற துணியை எடுத்துவிட்டோம் என்று தெரிந்து தன்னையே திட்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஒரு தந்திரம் தோன்றியது. நான்கையும் அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பூட்டுக்கடைக்குப் போனார். பூட்டுக்கடைக்காரர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார்.

"சும்மாதான் வந்தேன். இதுல உங்களுக்கு எது புடிச்சிருக்கு? ஒரு பந்தயம்னு வச்சுக்கங்க."

பூட்டுக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, நான்கையும் பார்த்தார். "எல்லாமே நல்லா இருக்கு சார்."

"இல்ல, ஒண்ணு சொல்லணும்."

"நீங்க பண்ணினதுல நான் என்னத்தைக் குத்தம் சொல்றது? கலர்க்காரர்கிட்டப் போயி கலரைப் பத்திப் பேசறதா? நல்லா இருக்கே!"

"ஏதாவது ஒண்ணு வித்தியாசமா இல்ல?"

"உங்க கண்ணுக்கு வேணா இருக்கும் சார். நமக்கெல்லாம் அது எங்க தெரியப்போகுது?"

நல்ல பெயர் எடுப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று நினைத்துக்கொண்டே கலர்க்காரர் தெருவைக் கடந்து திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணி, தலைமை ஆசிரியை வந்துவிட்டார். மேசையில் நாலு படம் இருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"எதுக்கு நாலு? நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"உங்களுக்குப் புடிச்சதை எடுத்துக்கலாம்னுதான் டீச்சர். உங்க இஷ்டம்."

தலைமை ஆசிரியை படங்களைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். "சார், நான் முப்பத்தாறு வருஷமா பசங்க முகத்தைப் பாத்துட்டு இருக்கேன். விடை தெரியாதவன்தான் 'உங்க இஷ்டம் டீச்சர்'ம்பான். இதுல எது சரி?"

கலர்க்காரர் நாலு தாளையும் பார்த்தார். நிஜமா கடைசியை வைத்து அடித்த நான்காவதைக் காட்டிவிடலாம். நாலில் ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் அது இந்த அம்மாளின் சுவர். இனி எத்தனையோ வருடம் அந்த நாற்பத்திரண்டு பேரும் அங்கே நிற்கப் போகிறார்கள்.

"தெரியாது டீச்சர்," என்றார்.

"தெரியாதுன்னா?"

"எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறவியிலேர்ந்தே. அன்னைக்கு நீங்க பச்சைன்னு சொன்னீங்க, நான் ஆமான்னேன். எனக்கு ஒண்ணும் தெரியல. இந்த நாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வரவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷமா எப்படிப் பண்ணினீங்க?"

"என் சம்சாரம் பாத்துச் சொல்லுவா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு."

தலைமை ஆசிரியை கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவர் போல, நான்கையும் தன் பக்கம் இழுத்தார். முதலாவதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கினார். இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்து ஒதுக்கினார். மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"இது," என்றார்.

கலர்க்காரர் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். மூன்று. பட்டு கடைசி. நிஜமா கடைசி என்பதைப் பண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அவள் திரும்பித்தான் வந்திருக்கிறாள். மகள் சொன்னது சரி.

"நிச்சயமாவா டீச்சர்? நாலாவதுல என்ன குறை?"

"நாலாவதுல எல்லாரும் ஓடிவந்து நின்ன மாதிரி சிவந்து கிடக்கறாங்க. இதுதான் சரி. என்ன, நம்பிக்கை இல்லையா? இங்க வாங்க." பேனாவை எடுத்து, தாளில் படாமல், முதல் வரிசையின் இடது கோடியைக் காட்டினார். "இவர் எங்க கணக்கு வாத்தியார். சட்டை பச்சை. பளிச்சுன்னு இல்ல, மழையில நனைஞ்ச புல்லு மாதிரி. நிஜத்துலயும் அப்படித்தான், வாரத்துல மூணு நாள் அதைத்தான் போடுவார். பக்கத்துல அறிவியல் டீச்சர், கழுத்துல சுத்தியிருக்கறது துருப்பிடிச்ச ஆணி நிறம். இது நான். என்னோடது மரூன். இந்த விழாவுக்குன்னு எடுத்தது இல்ல, பழசு, ஓரத்துல வெளுத்திருக்கும். பாருங்க, வெளுத்ததுகூட விழுந்திருக்கு."

கலர்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"இவர் விளையாட்டு மாஸ்டர். மூக்கு மட்டும் சிவப்பு. அது உங்க மெஷின் தப்பு இல்ல, அவருக்கு எப்பவும் ஜலதோஷம். இந்த அம்மா நூலகம். உதட்டுக்கு ஏதோ பூசிட்டு வந்தாங்க, வேணாம்னு நான்தான் துடைக்கச் சொன்னேன், கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. பின்னால வேப்ப மரம் தெரியுதே, அதுல ரெண்டு மூணு இலை புதுசா விட்டிருக்கு. அது பச்சையே இல்ல, செம்புப் பாத்திரம் தேய்ச்ச மாதிரி."

இரண்டாவது வரிசை வந்தது, பிறகு மூன்றாவது. கலர்க்காரருக்குத் தெரிய வேண்டியிருந்தது எது சரி என்று மட்டும்தான். அதற்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக, இது இந்த நிறம், இது இன்னது மாதிரி என்று அறுபது வருடத்தில் அவரிடம் யாரும் சொன்னதில்லை. மனைவிகூட, அவர் மனசு நோகும் என்று, சொன்னதில்லை. பியூன் ஒருவரின் சீருடைப் பொத்தான்கூடப் பாக்கியில்லாமல் நான்காவது வரிசையும் முடிந்தது. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். கலர்க்காரர் மூன்றாவது தாளைப் பக்குவமாகச் சுருட்டி, உறையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக் கதவுக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்தார்.

"டீச்சர்."

திரும்பினார்.

"மூணாவது வரிசைல ஒரு சந்தேகம்."

ஒரு சந்தேகமும் இல்லை. கலர்க்காரருக்கு அந்தக் குரல் அறையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். தலைமை ஆசிரியை அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, உறையிலிருந்து படத்தை எடுத்து மறுபடியும் மேசையில் விரித்தார்.

"மூணாவது வரிசை," என்றார். "இடது பக்கத்திலேர்ந்து சொல்றேன். கவனிங்க."